பவானி ஈஸ்வரமூர்த்தியின் பின்னூட்டம்

சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது பதில் வந்திருந்தது. அன்பின் ஈஸ்வரமூர்த்தி என்று தொடங்கியிருந்தது. பாதிவரை படித்தேன், அதற்குமேல் கண் போகவில்லை, வேறு பக்கத்தைத் திறந்துகொண்டேன். அங்கே யாரோ கேரட் அல்வா செய்துகொண்டிருந்தார்கள். கேரட்டைத் துருவி நெய்யில் வதக்குகிற படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஈஸ்வரமூர்த்தி என்று ஒருவர் இல்லை. பவானியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர், நடுவயதுக்காரர், காது சரியில்லாத அப்பாவை உடன் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் என்று நான்தான் அவரை உண்டாக்கி வைத்திருக்கிறேன். நான் கோகிலவாணி. குமாரபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஈரோட்டுக்கு வந்து, பெருந்துறை ரோட்டில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் உட்கார்ந்து, ஈஸ்வரமூர்த்தியாகவும் இன்னும் சிலராகவும் இருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போகிறேன். அவர் ஊரை ஏன் பவானி என்று வைத்தேன் என்று சில சமயம் யோசிப்பதுண்டு. எங்கள் ஊருக்கு ஆற்றின் அந்தப் பக்கம் பவானி. பொய்யை வீட்டுக்குள் வைக்காமல் ஆற்றுக்கு அப்பால் வைத்தால் பரவாயில்லை என்று நினைத்திருப்பேன் போல. பயந்தவள் செய்கிற வேலை. அல்வாவை விட்டுத் திரும்பவும் அந்தப் பக்கத்துக்கு வந்தேன். பதில் அப்படியேதான் இருந்தது, இந்தத் தடவை முழுதும் படித்தேன். தைலம் இன்று காலை தபாலில் வந்து சேர்ந்தது. மாலை விளக்கேற்றியபின் முதல் முறையாகக் காதில் விடலாம் என்றிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். என் செவிப்பறையில் சிறு துளை இருப்பதாகக் காது மருத்துவர் சொல்லியிருக்கிறார். உங்கள் தந்தைக்கும் துளை இருந்ததா? இருந்தும் விட்டாரா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் தைரியம்.

எங்கள் வேலையை வெளியே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. அம்மாவுக்கு ஒருமுறை சொன்னேன். வலைப்பூ வைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் அம்மா, சமையல், கோயில், வியாதி, ரிட்டையர் ஆன பிறகு பொழுது போகாதவர்கள். அவர்கள் எழுதினதற்குக் கீழே, படித்தவர்கள் ஏதாவது சொல்வதற்கு ஒரு பெட்டி இருக்கும். பெயர் என்ன, உங்கள் இணையதளம் எது என்று கேட்கும். அந்த இடத்தில் எங்களுக்கு வேலை கொடுத்த கடையின் முகவரியைப் போட்டுவிட்டால், எங்கள் பெயரே அந்தக் கடைக்கு வாசல் ஆகிவிடும். பெயரைத் தொட்டால் கடை திறக்கும். சிலர் தொடுவார்கள். அதுவும் போக, நாலு நல்ல இடங்களிலிருந்து ஒரு கடைக்கு வாசல் இருந்தால், கூகுளில் தேடுகிறவர்களுக்கு அந்தக் கடை முன்னால் வந்து நிற்கும். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்தவீட்டுச் செவுத்துல நோட்டீஸ் ஒட்டற வேலையா சாமி?" என்றாள். இல்லையம்மா என்றேன். தினகரன் அண்ணன்தான் எங்கள் லீடர். நான் சேர்ந்த அன்றைக்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அருமையான பதிவு, பயனுள்ள தகவல்னு எவளாச்சும் போட்டீங்கன்னா நானே ஸ்பாம்னு அமுக்கிருவேன். ஒரு விசேஷ வீட்டுக்குப் போறீங்க. போனதும் எலையில உக்காந்தா தொரத்தத்தான் செய்வாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும், கொழந்தையத் தூக்கணும், சமையக்கட்ட எட்டிப் பாக்கணும். மூணாவது தடவை போறப்பதான் சாமான எறக்கணும்." சாமான் என்றால் கடையின் முகவரி. அதனால் எங்களுக்கு ஆட்கள் வேண்டும். பெயர், ஊர், தொழில், குடும்பம் உள்ள ஆட்கள். பக்கத்து சீட் ஜெசிந்தாவிடம் கலைச்செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய கணவன் ஒரு வலைப்பூவில் மிலிட்டரியிலும் இன்னொன்றில் மெடிக்கல் ஷாப்பிலும் இருக்கிறான். "தினாண்ணா, இவனால எனக்கு ஒரே கொழப்பம். கலைச்செல்விய விதவையாக்கிரட்டுமா?" என்று அவள் கேட்டபோது ஆபீசே சிரித்தது. "ஆக்கிக்க, ஆனா காரியத்துக்கு லீவு கேக்காத" என்றார் தினா அண்ணன். நானும் சிரித்தேன். சிரிப்பு வரத்தான் செய்கிறது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

மற்றவர்கள் முதல் வரியையும் கடைசி வரியையும் படித்துவிட்டு எழுதிவிடுவார்கள். எனக்கு அது வருவதில்லை. முழுதும் படிக்காமல் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதக் கை ஓடாது. படிக்காத பக்கத்திலிருந்துதான் கேள்வி வரும் என்ற பயத்திலேயே காலேஜ் முடித்தவள் நான். எங்கள் வீட்டில் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. முதல் பட்டதாரி என்று சர்டிபிகேட் வாங்குவதற்கு அப்பா வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடையாக நடந்தார். அந்தச் சர்டிபிகேட்டை வாங்கினபோது என்னமோ ஒரு கண்ணாடிச் சாமானைக் கையில் கொடுத்து, கீழே போட்டுவிடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு இறுக்கிப் பிடித்த கை இன்னும் தளரவில்லை. அப்படி முழுதும் படித்ததில் வந்ததுதான், இப்போது பதில் எழுதியிருக்கிற தணிகாசலம் ஐயாவின் வலைப்பூவும். ஆரணியில் இருக்கிறார். தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ட்ரங்க் கால் நாட்கள் என்று அதற்குப் பெயர். ஊர் விட்டு ஊர் பேசுவதற்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள், சாவுச் செய்தியைச் சொல்ல வந்து சொல்லாமல் போனவர்கள், தீபாவளி அன்று இடைவிடாமல் ஹலோ ஹலோ என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட ஆபரேட்டர்கள் என்று எழுதுவார். நடுநடுவே தன் காது இரைச்சலைப் பற்றி எழுதுவார். வாழ்நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிய காதில் இப்போது யாரும் எடுக்காத மணி ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவருடைய வலைப்பூவில் பின்னூட்டம் உடனே வெளியாகாது. அவர் படித்துப் பார்த்து அனுமதித்தால்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் வருகைக்கு நன்றி என்று பதில் எழுதுவார். பக்கத்தின் தலையில் எழுதியே வைத்திருக்கிறார், விளம்பரத்திற்கு வருகிறவர்கள் மன்னிக்க, இது வீடு என்று. அதனாலேயே தினா அண்ணனுக்கு அந்த வீட்டின்மேல் ஒரு கண். "அந்த ஆரணி ஐயா வீட்டு கேட்டத் தாண்டிட்டா அப்பறம் யாராலயும் அசைக்க முடியாது பாரு. அங்க ஒண்ணு கெடைச்சா மத்த எடத்துல அம்பது கெடைச்ச மாதிரி." கடை யாருடையது என்றால், காதுத் தைலம் செய்து தபாலில் அனுப்புகிற ஒரு கம்பெனி.

முதல் தடவை ஈஸ்வரமூர்த்தி பேச மட்டும் செய்தார். என் மாமாவும் ட்ரங்க் கால் போட்டுத்தான் பெண் பார்க்க வருவதைச் சொன்னாராம் என்று எழுதினேன், அது அளந்துவிட்டது. இரண்டாம் தடவையும் பேச்சு. மூன்றாம் தடவை சாமானை இறக்கவேண்டும். அன்று முழுக்க எழுதி எழுதி அழித்தேன். எதை எழுதினாலும் நோட்டீஸ் மாதிரியே இருந்தது. எனக்குப் பொய் சொல்வதற்கு ஒரு ஓரத்தில் உண்மை வேண்டும், பிடித்துக்கொள்வதற்கு. அது இல்லாமல் சொன்னால் என் குரலே எனக்குக் கேட்டுவிடும். கடைசியில் அப்பாவை எடுத்தேன். அப்பாவுக்குக் காதில் தறி ஓடுகிறது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பட்டறையில் பவர்லூம் ஓட்டுகிறார். பட்டறையை விட்டு வீட்டுக்கு வந்து படுத்தாலும் சத்தம் கூடவே வருகிறது. கரண்ட் போனால் ஊரில் அத்தனை தறியும் நின்று, எல்லோரும் அப்பாடா என்று வாசலில் வந்து உட்காருவார்கள். அப்பா மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பைபாஸ் ரோட்டோரம் போய் லாரிகளுக்குப் பக்கத்தில் நிற்பார். வெளியே சத்தம் இருந்தால்தான் உள்ளே இருக்கிற சத்தம் அடங்குகிறதாம். சின்ன வயதில் அவர் யாரையோ பார்க்கப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போயிருக்கிறேன். ஒருவரும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போகிற வருகிற லாரியைக் கோயில் தேர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். இதை அப்படியே எழுதினேன். ஈஸ்வரமூர்த்தியின் அப்பா என்று எழுதினேன். அதற்குக் கீழே, சில மாதங்களாக ஒரு தைலம் விடுகிறார், இப்போதெல்லாம் கரண்ட் போனாலும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினேன். கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா வீட்டில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பெயருக்குப் பின்னால் கடையைப் போட்டு அனுப்பிவிட்டேன். சாயங்காலத்துக்குள் தணிகாசலம் ஐயா கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். என் வியாதியை வார்த்தையில் சொன்ன முதல் மனிதர் உங்கள் தந்தை, அவர் காலைத் தொட்டு வணங்குகிறேன் என்று எழுதியிருந்தார். எந்த வரி அவரை நம்பவைத்ததோ அது உண்மை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. முழுப் பொய்யாக எழுதியிருந்தால் அவர் தூக்கிப் போட்டிருப்பார், தைலம் வாங்கியிருக்கமாட்டார்.

"கோகி, இங்க பாரு, ஒரு மலை காட்டறேன்" என்று தினா அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டே என் சீட்டுக்கு வந்தார். தைலக் கடைக்கு வந்துபோகிறவர்களின் கிராஃப். படுத்துக் கிடந்த கோடு ஓரிடத்தில் எழுந்து நின்றது. "இந்த மலை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? உன்ற ஆரணி ஐயா வீட்டுல இருந்து. அவரு சொன்னா நாலு பேரு கேக்கறாங்க. காலையில தைலப் பார்ட்டி போன் பண்ணி யாருங்க அந்தப் புள்ளைன்னு கேக்கறாரு." ஜெசிந்தா திரும்பாமலே, "புள்ளை இல்லீங்க, பவானி ஈஸ்வரமூர்த்தின்னு சொல்லுங்க" என்றாள். "நீ கலைச்செல்விக்குக் கருமாதி பண்ணிட்டியா? பண்ணிட்டு வந்து பேசு" என்றார் அவர். பிறகு என் பக்கம் குனிந்து, "திங்கக்கிழமை உன்ற பர்மனன்ட் பேச்ச எடுக்கறேன். மொதலாளி மறுக்கமாட்டாரு" என்றார். நான் பதிலைத் திறந்து காட்டினேன். "அண்ணா, அவரு காதுல ஓட்டை இருக்குதுங்கறாரு." அவர் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. கெட்டவர் இல்லை தினா அண்ணன். அப்பாவை ஜி.ஹெச்சுக்குக் கூட்டிப்போக லீவு கேட்ட அன்று, போ, நான் பாத்துக்கறேன் என்று சொன்னவர். "ஓட்டை இருந்தா ஊத்தக் கூடாதா?" என்றார். "கூடாதுங்கண்ணா. அன்னைக்கு ஜி.ஹெச்.ல சொன்னாங்க, சீழ் வெச்சா உள்ளுக்குள்ள போயிருமாம்." தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "சரி. பயப்படாத. தங்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசிக்கவும்னு போட்டிரு. பாட்டில்லயே அப்படித்தான இருக்கும். நம்ம மேல தப்பில்ல." போகத் திரும்பியவர் நின்று, "கடைசியில எங்கப்பா நல்லா இருக்கார்னு ஒரு வரி போட்டு முடி. வெறுமனே டாக்டரப் பாருன்னா அவருக்குச் சந்தேகம் வந்து கமெண்ட்டையே தூக்கிருவாரு. திங்கக்கிழமை வரைக்குமாச்சும் அது அங்க நிக்கட்டும்" என்றார்.

தங்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசிக்கவும். அடித்துப் பார்த்தேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. யார் படித்தாலும் குறை சொல்லமுடியாது. ஆனால் அவர் மருத்துவரிடம் போய்விட்டுத்தானே வந்திருக்கிறார். மருத்துவர் சொன்னது அவருக்குப் போதாமல்தானே ஈஸ்வரமூர்த்தியிடம் கேட்கிறார். அழித்தேன். தைலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லமுடியாது. அதையும் அழித்தேன். அதைப் படிக்கிறவர், ஒத்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன் என்றுதான் நினைப்பார். நான் அப்படித்தான் நினைப்பேன், அப்பாவும் அப்படித்தான் நினைப்பார். ஜி.ஹெச்சில் அந்த டாக்டரம்மா ஒரு சின்ன விளக்கை வைத்து அப்பாவின் காதைப் பார்த்துவிட்டு, சவ்வு நல்லாத்தான் இருக்கு, நரம்பு தேய்ஞ்சிருக்கு, இதுக்கு மருந்து இல்லீங்க, தறிக்குப் போறத நிறுத்துங்க, எண்ணெய் கிண்ணெய் ஊத்திராதீங்க, ஓட்டை இருக்கறவங்களுக்கு அது சீழ் வெச்சு உள்ளே போயிரும் என்றார்கள். மருந்து இல்லை என்றதும் அப்பா என்னைப் பார்த்தார். படித்தவளாயிற்றே, இவள் வேறு ஏதாவது சொல்வாள் என்கிற மாதிரி. வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். அவர் பார்த்த பார்வைக்கும் இந்தப் பதிலில் இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை. என் சொந்தப் பெயரில் புதிதாக ஒரு பின்னூட்டம் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். கோகிலவாணி யார் அவருக்கு? முன்பின் தெரியாத ஒருத்தி வந்து தைலம் கூடாது என்றால் போட்டிக் கடைக்காரி என்று தள்ளிவிடுவார். ஈஸ்வரமூர்த்தி சொன்னால்தான் கேட்பார். ஈஸ்வரமூர்த்தி என்ன சொல்லவேண்டும்? எங்கள் அப்பா எந்தத் தைலமும் விடவில்லை, இன்னும் பைபாஸ் ரோட்டுக்குத்தான் போகிறார், நான் சொன்னது பொய். அதை எழுதி அவர் வெளியிட்டுவிட்டால் தினா அண்ணன் பார்ப்பார், தினமும் ரெண்டு தடவையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார், அவருக்குமேல் முதலாளி பார்ப்பார், பார்ட்டி பார்ப்பார். நான் ஏன் அதற்குமேல் யோசிக்கமாட்டேன் என்கிறேன் என்றால், அதற்குமேல் அப்பா இருக்கிறார். நீ பர்மனன்ட் ஆயிட்டீன்னா நான் தறிய விட்டர்றேன் சாமி என்று சொல்லியிருக்கிறார். பட்டறை ஓனரிடமும் சொல்லிவிட்டார். ஒருவர் காதைக் காப்பாற்ற இன்னொருவர் காதைத் திரும்பவும் தறியில் கொண்டுபோய் வைக்கவேண்டும். அப்படியெல்லாம் கணக்குப் போடாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கணக்கு நின்றபாடில்லை.

அப்பாவே கூப்பிட்டார். பட்டறையில் டீ குடிக்க விட்டிருப்பார்கள். அவர் கேட்பதற்காகக் கூப்பிடமாட்டார், சொல்வதற்காகத்தான். நான் பேசுவது அவருக்குச் சரியாக விழுவதில்லை, அதனால் அவரே கேள்வி கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். போனைக் காதிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "சாமி, சாப்பிட்டியா? சாப்பிட்டிருப்ப. நம்ம ஓனர் புள்ளைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதறதுக்கு என்னமோ வெவரம் வேணுமாமா, உன்றகிட்டக் கேக்கச் சொன்னாரு. எம்புள்ள கம்ப்யூட்டர்ல எழுதற வேலையில இருக்குது, சாயங்காலம் வந்ததும் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். என்ன எழுதுதுன்னு கேட்டாரு. ஊருல இருக்கறவங்க எழுதறத எல்லாம் படிச்சுப்போட்டு நல்லது கெட்டது சொல்லுதுன்னேன். சரிதான? சரியாத்தான் இருக்கும்." சரிங்கப்பா என்றேன். அது அவருக்குக் கேட்டிருக்காது. "செரி, வெச்சர்றேன், பஸ்ஸுல பாத்து ஏறு" என்று வைத்துவிட்டார். ஜெசிந்தா, "உங்கப்பா போன்ல பேசறாரா, காவேரிப் பாலத்து மேல நின்னு பேசறாரா?" என்றாள். எப்போதும் கேட்பதுதான். எப்போதும் நான் ஏதாவது சொல்வேன். இன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, "என்னடி?" என்றாள். தூக்கம் என்றேன். கீழே பேக்கரியில் பன் வேகிற வாசனை மாடிவரை வந்து நின்றது. அந்த வாசனைக்கு எனக்கு எப்போதும் கண் சொக்கும். இன்றைக்குக் கண் மட்டும் எரிந்தது. நல்லது கெட்டது சொல்லுதுன்னேன். மடியில் கனமாக எதையோ இறக்கிவைத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது. விளக்கேற்றுகிற நேரம் ஆரணியில் எப்போது? இங்கே ஆகிற நேரம்தான் அங்கேயும். சிலர் சூரியன் இருக்கும்போதே ஏற்றிவிடுவார்கள். அவர் சீக்கிரம் ஏற்றுகிறவரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய பதிவு அத்தனையும் படித்திருக்கிறேன், இது தெரியாது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. பெரிய யோசனை ஒன்றுமில்லை, பயந்தவளுடைய யோசனை. பின்னூட்டம் முதலில் அவருக்கு மட்டும்தான் போகும், அவர் அனுமதிக்கிறவரை வேறு யார் கண்ணிலும் படாது. அதனால் எழுதினேன். ஐயா, தைலம் விடுவதற்கு முன் தயவுசெய்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இதை வெளியிடவேண்டாம். என் எண்ணைப் போட்டேன். பெயர் ஈஸ்வரமூர்த்தி என்றே இருந்தது. கடை முகவரி கேட்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். அனுப்பினதும், உங்கள் பின்னூட்டம் மட்டுறுத்தலுக்குக் காத்திருக்கிறது என்று வந்தது. எத்தனையோ தடவை பார்த்த வரி. அவர் கூப்பிட்டால் படிக்கட்டுக்குப் போய்விடலாம். மெல்ல நாலு வார்த்தை சொல்லிவிடலாம். கோபப்படுவார், கேட்டுக்கொள்ளலாம். கோபத்தில் அவரே பழைய பின்னூட்டத்தை எடுத்துவிடுவார். அவர் எப்போதும் விளம்பரக்காரர்களை எடுக்கிறவர்தானே, இதையும் எடுத்துவிட்டார் என்று தினா அண்ணன் நினைத்துக்கொள்வார். ஒரு வேலை கெட்டுப்போனது என்று உச்சுக்கொட்டுவார், அவ்வளவுதான். திங்கக்கிழமை பேச்சு தள்ளிப்போகும், போனால் போகட்டும், அழிந்துவிடாது. யாருக்கும் ஒன்றும் ஆகாமல் எல்லாம் நடந்துவிடும். இந்த யோசனை எத்தனை சுத்தமாக இருந்தது என்றால், எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தினா அண்ணன் கதவுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போனில் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேரட் அல்வாக்காரிக்கு, எங்கள் வீட்டில் நெய்க்குப் பதிலாக என்று ஒரு வரி தொடங்கிவிட்டு, எங்கள் வீட்டில் யார், எந்த வீட்டில் என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துக்கொண்டு எழுந்தேன், தினா அண்ணனின் நாற்காலியை ஒட்டிப் பக்கவாட்டில் நழுவி, கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு வந்து முதுகால் கதவைச் சாத்தினேன். அது முழுதாகச் சாத்துகிற கதவு இல்லை, பாதியில் நின்றுகொள்ளும். "ஹலோ" என்றேன். "வணக்கம். ஆரணியிலிருந்து தணிகாசலம் பேசறேங்க. ஈஸ்வரமூர்த்தி சார் இருக்காருங்களா?" ஆபரேட்டரின் குரல், ஒவ்வொரு வார்த்தையும் கழுவி வைத்தமாதிரி. "ஐயா, அந்தத் தைலத்தை விட்டுறாதீங்க" என்றேன் மெல்ல. "ஹலோ?" என்றார். "ஐயா, தைலம் வேண்டாங்க." "அம்மா, ஒண்ணும் விழலைங்க. எனக்குக் காது கொஞ்சம் அப்படி. யாரு, அவர் வீட்டம்மாவா? சார் ஏதோ பேசணும்னு எழுதியிருந்தார். தைலம் பாட்டிலைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் கூப்பிடறேன்." வாயைக் கையால் மூடி, போனுக்குள்ளேயே கொஞ்சம் குரலை ஏற்றிச் சொன்னேன். "என்னங்கம்மா?" என்றார். எனக்குள் ஏதோ விட்டுப்போனது. அப்பாவிடம் பேசாமல் ம் ம் என்று சொல்லியே பழகிப்போன வாய் இது. சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும் என்று இத்தனை வருஷம் தெரிந்தும், சத்தமாகச் சொல்லாமலே இருந்த வாய். கீழே பேக்கரி மாஸ்டர் ட்ரேயோடு படியடியில் நின்று மேலே பார்த்தார். "ஐயா, தைலம் விடாதீங்க. எங்கப்பா எந்தத் தைலமும் விடலைங்க" என்றேன். என் குரல் படிக்கட்டில் இடித்துத் திரும்பி வந்தது. "விடலைங்களா?" என்றார். "விடலைங்க. இரைச்சல் அப்படியேதான் இருக்குது. அதுக்கு மருந்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. காதுல ஓட்டை இருந்தா ஊத்தவே கூடாதுங்க." "அப்ப ஈஸ்வரமூர்த்தி சார் எழுதினது?" "நான் எழுதினதுங்க. அப்படி ஒருத்தர் இல்லைங்க. தைலக் கம்பெனிக்காக எழுதினது." கதவு முதுகில் அசைந்தது. உள்ளே கீபோர்டுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்தது, கடைசியாக ஜெசிந்தாவுடையதும். "கோகி" என்றார் தினா அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்து. "கடைசியில சொன்னது சரியா விழலை. இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார் தணிகாசலம் ஐயா. நான் கதவிலிருந்து முதுகை எடுத்தேன். அது திறந்துகொண்டது. முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.